சந்திரமதிக்கு வாட்ச்மேன் வேஷம்

1

2004ஆம் வருஷம், ஐப்பசி மாசம். மழைக்காலம் என்பதால் கூத்துக்கு வெத்தலை பாக்கு வைக்க ஒரு ஊரிலிருந்தும் ஆள் வராத நேரம். செய்யாறு பக்கத்தில் எங்கள் சேரியில் டி.வி. இருந்த மூன்று வீட்டிலும் அன்று ராத்திரி கூட்டம். என் தாய்மாமன் சென்னைக்குப் போய் ஒரு மெகா தொடரில் நடித்துவிட்டு வந்திருந்தார். இன்றைக்கு அது வருகிறது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கூத்துக்கு உட்காருவது போலவே பெரியவர்கள் கோணிப்பை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

வந்தது. ஒரு பங்களாவின் இரும்பு கேட். காக்கிச் சட்டை, தொப்பி. கார் ஹாரன் அடித்தது. மாமா கேட்டைத் திறந்தார். "வாங்கம்மா" என்றார். கார் உள்ளே போனது. அவ்வளவுதான். விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் ஆயாதான் சொன்னாள்: "இருவத்திரண்டு வருசம் சந்திரமதியா அழுதவன்டா நீ. ஒரு அழுகை கூடவா குடுக்கல உனக்கு?"

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2

நல்ல மேடை நடிகர்கள் தொலைக்காட்சித் தொடருக்குப் போய்க் கெட்டுப்போனார்கள் என்று ஒரு புலம்பல் நம் இலக்கியப் பக்கங்களில் ரொம்ப நாளாக உண்டு. மேடை புனிதம், தொடர் வியாபாரம். மேடை கலை, தொடர் வயிற்றுப்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புலம்பலுக்குள் கேட்கப்படாத இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த மேடை? அங்கே போனவருக்கு எந்த வேஷம்?

'மேடை நடிகர்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் மேடை ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. ஊரும் சேரியும் போல அதுவும் பிரிந்துதான் கிடந்தது. தொலைக்காட்சி வந்தபோது அந்தப் பிரிவினை அழியவில்லை. பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என்னுடைய வாதம் இவ்வளவுதான். இதைச் சொல்லக் கொஞ்சம் பழைய கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

3

1891இல் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கப்பட்டது. பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், இங்கிலீஷ் படித்தவர்கள் அதில் நடித்தார்கள். நடிப்புக்குக் கூலி வாங்குவதில்லை என்பது அவர்களுக்குப் பெருமை. 'அமெச்சூர்' என்ற சொல் அங்கே ஒரு மரியாதைப் பட்டமாக ஆனது. அந்தச் சொல்லுக்கு மரியாதை ஏற ஏற, கூலிக்கு ஆடியவனுடைய பெயரான 'கூத்தாடி' வசவாக இறங்கியது. ஒருவன் கூலி இல்லாமல் நடிக்க வேண்டுமென்றால் அவனுக்கு வேறெங்கோ வருமானம் இருக்க வேண்டும். நிலமோ உத்தியோகமோ இல்லாதவன் 'அமெச்சூர்' ஆக முடியாது. கலையின் தூய்மை பற்றிய பேச்சு அப்போதே சொத்து பற்றிய பேச்சாகவும் இருந்தது.

இன்னொரு பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாக அதில்தான் சேர்ந்தார்கள். 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். ஏழைப் பிள்ளைகள் சோற்றுக்காகக் கம்பெனியில் சேர்ந்து, அடி வாங்கிப் பாட்டு மனப்பாடம் செய்து, ஊர் ஊராகப் போனார்கள். இது கூலி மேடை. சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எல்லாம் இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பேரில் நடக்கின்றன. அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னொரு ஊர். ராத்திரி பத்து மணிக்கு மேடையில் சந்திப்பார்கள். விடியும்வரை வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வார்கள். யாரும் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பதில்லை.

மூன்றாவது மேடை எங்களுடையது. அதற்கு மேடையே கிடையாது. நான்கு கம்பம் நட்டு, தரையில் ஆடும் கூத்து. மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம். கட்டை கட்டிக்கொண்டு, அரிதாரம் பூசிக்கொண்டு, தொண்டையைத் திறந்து பாடினால் மைக் இல்லாமல் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். கூத்து ஆடியவர்கள் எல்லாரும் நம் மக்கள் என்று நான் சொல்லவில்லை. பல சாதியாரும் ஆடினார்கள். கூத்துக்குள்ளேயும் சாதி இருந்தது. எங்கள் பக்கத்தில் ஊர் ஜமா வேறு, சேரி ஜமா வேறு. ஊர்த் திருவிழாவில் ஊர் ஜமா ஆடும்போது நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். எங்கள் ஜமாவை ஊருக்குள் கூப்பிட்டது சாவுக்குத்தான். கருமாதி ராத்திரியில் கர்ண மோட்சம், அரிச்சந்திரன் மயான காண்டம். சாவுக்கு வேண்டியவர்கள், திருவிழாவுக்கு வேண்டாதவர்கள்.

1931இல் பேசும்படம் வந்தது. கம்பெனி மேடை அப்படியே சினிமாவுக்குள் நுழைந்தது. பாடத் தெரிந்த நடிகர்கள் வேண்டும், அவர்கள் கம்பெனியில்தான் இருந்தார்கள். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாகவே நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார் என்பது இன்றுவரை பேசப்படுகிறது. கூலி மேடையிலிருந்து வந்த ஒரு பெண் அவ்வளவு சம்பளம் கேட்டு வாங்கியதை நான் சந்தோஷமாகவே சொல்வேன். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நந்தன் கதையைப் பாட மேடை இருந்தது, படம் எடுக்கப் பணம் இருந்தது. நந்தன் தெருவில் பிறந்தவனுக்கு அந்த மேடையில் என்ன வேஷம் இருந்தது?

4

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அப்போது எங்கள் ஊரில் பெட்டியே கிடையாது. 1980களின் கடைசியில் பஞ்சாயத்து டி.வி. வந்தபிறகு பார்த்ததைத்தான் நான் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா, செவ்வாய்க்கிழமை நாடகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாடகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ஹால். ஒரு சோபா. பக்கத்தில் டெலிபோன். உள்ளேயிருந்து காப்பி வரும். அப்பா ரிட்டயர் ஆகப் போகிறார், பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், மாமியார் ஏதோ சொல்லிவிட்டாள். இது சபா நாடகத்தின் வீடு. மயிலாப்பூர், தியாகராயநகர் சபாக்களில் இரண்டு மணி நேரம் நடந்ததை அரை மணிக்குச் சுருக்கி ஸ்டுடியோவில் வைத்தார்கள். சபா நாடகத்துக்கு ஒரே செட் போதும், குறைந்த ஆட்கள் போதும், வசனம்தான் பிரதானம். அன்றைய ஸ்டுடியோவுக்கும் அது பொருந்திப் போனது. எட்டு மணி நேரக் கூத்தை எந்த ஸ்டுடியோவில் வைப்பது? அது 'நாட்டுப்புறக் கலை' என்ற தலைப்பில் சில நிமிடத் துண்டானது. ஆடுகிறவன் யார், என்ன கதை, ஏன் அழுகிறான் என்று தெரிவதற்குள் முடிந்துவிடும்.

இதை வெறும் தொழில்நுட்பக் காரணம் என்று விட்டுவிடலாம். நான் விடமாட்டேன். எந்த வீடு 'வீடு' என்று காட்டப்பட்டது, எந்தத் தமிழ் 'இயல்பான பேச்சு' ஆனது, எந்த நடிப்பு 'யதார்த்தம்' ஆனது என்பதெல்லாம் அந்தச் சில வருஷங்களில் தீர்மானமாகிவிட்டது. பின்னால் வந்த தொடர்கள் அந்த வீட்டைத்தான் இடித்து இடித்துப் பெரிதாகக் கட்டின.

அந்த நடிகர்களின் திறமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. காத்தாடி ராமமூர்த்தியின் நாடகங்களில் நடித்து வளர்ந்தவர் டெல்லி கணேஷ், 2024இல் மறைந்தார். ஒரு சின்ன முனகலில் ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கையைக் காட்டக்கூடியவர். எஸ்.என்.லட்சுமி சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்தவர். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜில் நடித்தவர். சினிமாவில் பல கதாநாயகர்களுக்குத் தாயானவர். 2012இல் சாகும்வரை தொடர்களில் பாட்டியாக நடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லும்போதுகூட அந்தக் காட்சி அவருடையதாகிவிடும். தொடர் இவர்களுக்குச் செய்தது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் இவர்களுக்குத் தொடரில் ஒரு பெயர் இருந்தது, உறவுமுறை இருந்தது. அப்பா, பாட்டி, சித்தப்பா. கதைக்குள் ஒரு நாற்காலி இருந்தது. என் மாமாவுக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல்.

5

வடக்கே என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். 1984இல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' வந்தது. மெக்சிகோ நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாடு போன்ற செய்திகளைக் கதையில் கலந்து செய்யப்பட்ட தொடர். டெல்லி நாடக மேடையிலிருந்து பல நல்ல நடிகர்கள் அதில் வந்தார்கள். நாடு முழுக்கப் பார்த்தது. அழுது பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கியது.

1987 ஜனவரியில் 'ராமாயணம்'. 1988 ஜூலையில் அது முடிந்தது. ராமன் பட்டம் சூட்டியதோடு கதையை முடித்துக்கொண்டார்கள். உத்தர காண்டம் இல்லை, அதாவது வால்மீகியின் ஆசிரமமும் லவகுசர்களும் இல்லை. பஞ்சாபில் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களை வால்மீகியின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். எங்கள் வால்மீகி வரும் பகுதியைக் காட்டாமல் முடிக்கக் கூடாது என்றார்கள். வேலைநிறுத்தம் வட இந்தியாவின் மற்ற நகரங்களுக்கும் பரவியது. குப்பை குவிந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. உத்தர ராமாயணம் தனித் தொடராக வந்தது.

இந்தச் சம்பவத்தைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். ராமாயணத்தை எதிர்க்க வேண்டியவர்கள் இன்னும் காட்டு என்று கேட்டார்களே என்று நம் தோழர்களும் வருத்தப்படுவார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தொலைக்காட்சிக் கதையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட முதல் கூட்டம் அது. அவர்கள் கதையைக் கேட்டு வாங்கினார்கள். வேஷத்தைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

6

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1999இல் 'சித்தி', 2002இல் 'மெட்டி ஒலி', 2003இல் 'கோலங்கள்'. வாரம் ஒருநாள் வந்த கதை வாரத்துக்கு ஐந்து நாள் வர ஆரம்பித்தது. முடிவே இல்லாத கதைக்கு முடிவே இல்லாத கண்ணீர் வேண்டும். அந்தக் கண்ணீர் எதற்காக வருகிறது என்று கவனித்தால் எனக்கு அரிச்சந்திரன் ஞாபகம் வருகிறது.

மயான காண்டம் உங்களுக்குத் தெரியும். ராஜா அரிச்சந்திரன் காசி மயானத்தில் வீரபாகு என்ற வெட்டியானுக்கு அடிமையாகிறான். ராணி சந்திரமதி காலகண்டர் என்ற பிராமணர் வீட்டு வேலைக்காரியாகிறாள். பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு அவள் மயானத்துக்கு வருகிறாள். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுத்தால்தான் எரிக்கலாம் என்கிறான் புருஷன். அந்த இடத்தில் மாமா பாடினால் ஊர்ப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். நான் சின்னப் பையனாக, தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். என் தாத்தா அந்த ஊருக்கு வெட்டியான். மறுநாள் காலையில் அதே பெண்களின் வீட்டுப் பிணத்தை அவர்தான் எரித்தார். கூலிக்காகக் கொல்லைப்புறத்தில் நின்றார். யாரும் அழவில்லை.

ராசா வெட்டியானாப் போனா ஊரே அழும். வெட்டியான் வெட்டியானாவே இருக்கறதுக்கு யாரு அழுவா?

மெகா தொடரின் கண்ணீர் இதே கண்ணீர்தான். பெரிய வீட்டு மருமகளைப் பாத்திரம் தேய்க்க வைக்கிறார்கள். 'என்னை வேலைக்காரி மாதிரி நடத்துறீங்களே' என்று அவள் கதறுகிறாள். கேமரா அவள் முகத்துக்குப் பக்கத்தில் மூன்று தடவை போய் வருகிறது. அவளுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். அவள்தான் அந்த வீட்டின் உண்மையான வேலைக்காரி. தன் பிழைப்பு எவ்வளவு பெரிய அவமானம் என்று எஜமானி சொல்லச் சொல்ல, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்க வேண்டும். அது அவளுக்குக் கொடுத்த நடிப்பு.

அண்ணாதுரை 'வேலைக்காரி' என்று பெயரிட்டே நாடகம் எழுதினார். 1949இல் அது படமாகவும் வந்தது. பண்ணையார் வீட்டை வேலைக்காரியின் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று ஒரு இயக்கத்தின் மேடை காட்டியது. அதிலும் நமக்குக் கேள்விகள் உண்டு. ஆனாலும் அரை நூற்றாண்டு கழித்து வந்த தொடர், அந்த வேலைக்காரியைத் திரும்பவும் சமையல்கட்டுக்கே அனுப்பிவிட்டது.

சந்திரமதி தாழ்ந்து போவதை நடிக்கத் தெரிந்த ஆளை வாட்ச்மேனாக நிற்க வைத்தது தற்செயல் அல்ல. இந்தக் கதையில் தாழ்ந்து போக ஒரு உயரம் வேண்டும். அவருடைய கறுப்பு முகத்தில் அந்த உயரம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த முகத்தில் அரிதாரம் பூசினால் ராத்திரியெல்லாம் ராணியாக நம்பிய ஒரு ஜனக்கூட்டம் பக்கத்திலேயே இருந்தது.

7

படப்பிடிப்பு எப்படி நடந்தது என்று மாமாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

காலையில் ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் பங்களா. வெளியே மரத்தடியில் உட்கார வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், பக்கத்தில் உதவி இயக்குநர் சத்தமாகச் சொல்லுவார், அதைத் திருப்பிச் சொன்னால் போதும். பெரிய நடிகர்களுக்கும் அதே முறைதான். "அரிச்சந்திரன் பாட்டு விருத்தம் எல்லாம் எனக்கு நெஞ்சுல இருக்குது மாப்ள. அந்தப் புள்ள எனக்கு 'வாங்கம்மா'ன்னு எடுத்துக் குடுக்குது" என்றார்.

முதல் தடவை அவர் 'வாங்கம்மா' என்று சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். குரல் தெருக்கோடி வரைக்கும் போயிருக்கிறது. "கூத்து மாதிரி பண்ணாதீங்க, மைக் இருக்கு, சாதாரணமாப் பேசுங்க" என்றார் ஒருவர். உள்ளே ஹாலில் ஒரு அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணை உருட்டி, சாபம் விட்டுக்கொண்டிருந்தார். மாமா அதைக் காட்டி, "அது மட்டும் இன்னாது?" என்று கேட்டாராம். பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால் மெகா தொடரே ஒரு கூத்துதான். திரை விலகி வேஷம் வருவது போல ஒவ்வொரு வரவுக்கும் ஒரு இசை. ஒரு ஆள் பேசினால் நாலு பேர் முகத்தையும் தனித்தனியாகக் காட்டி அழுகையை நீட்டுவது, ஒப்பாரி, சபதம், சாபம் எல்லாம் அதில் உண்டு. கூத்தின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, 'கூத்து மாதிரி' என்பதை வசவாக வைத்துக்கொண்டார்கள். 'அமெச்சூர்' மரியாதையாகி 'கூத்தாடி' வசவான அதே பழைய கதை.

நவீன நாடகத்தாரையும் இங்கே சொல்ல வேண்டும். 1977இல் ந.முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கூத்தைத் தமிழின் நாடகம் என்று படித்தவர்கள் மத்தியில் உறுதியாகச் சொன்னவர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நகரம் கவனிக்கக் காரணமானவர்களில் ஒருவர். அந்தப் பட்டறையில் உடம்பைப் பழக்கிய பசுபதி, கலைராணி போன்றவர்கள் சினிமாவில் மதிக்கப்படும் நடிகர்கள் ஆனார்கள். அது நல்லதுதான். ஆனால் கூத்தைப் பயிற்சியாக எடுத்துக்கொண்ட உடம்புக்குத் திறந்த கதவு, கூத்திலேயே வளர்ந்த உடம்புக்குத் திறக்கவில்லை. பயிற்சி பெற்றவர் 'நடிகர்'. பிறந்து வளர்ந்தவர் 'நலிந்த கலைஞர்'. அரசாங்கமே நிதியுதவிக்கு வைத்திருக்கும் பேர் அது. அவரை நலிய வைத்தது யார் என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.

8

இப்போது மாமாவின் சிரிப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் மேடையைப் புனிதமாக்கும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன்.

"இதுக்காப் போனே?" என்று நானும் அன்றைக்குக் கேட்டேன். காலேஜ் முடித்துவிட்டு, கையில் ரெண்டு சிறு பத்திரிகை வைத்துக்கொண்டு, கலையின் வீழ்ச்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்த வயசு. மாமா சொன்னார்:

"டேய் மாப்ள, ராத்திரி பூரா சந்திரமதியா நின்னு ஆடுவேன். ஊர்க்காரன் காலைத் தொட்டுக்கூடக் கும்புடுவான், வேசத்துல சாமி இருக்குதுன்னு. விடிஞ்சதும் அரிதாரத்தைக் கழுவிட்டு டீக்கடைக்குப் போனா எனக்குக் கொட்டாங்கச்சி. ராத்திரி ராணி, விடிஞ்சாக் கொட்டாங்கச்சி. அங்க ஷூட்டிங்ல மத்தியானம் சோறு போட்டான். வரிசையில நின்னேன். எல்லாருக்கும் குடுத்த தட்டுதான் எனக்கும். எவனும் என்ன ஊரு, எந்தத் தெருன்னு கேக்கல. சாயங்காலம் பேசின பணத்தைக் கையில வெச்சான். மேல இருந்து போடல, கையில வெச்சான்."

மேடையின் வீழ்ச்சி பற்றி எழுதுகிறவர்களில் ஒருவருக்காவது இந்தத் தட்டு தெரியுமா? அவர்கள் இழந்ததாகச் சொல்லும் அந்த மேடையின் விடியற்காலையில் எங்களுக்கு ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. கொட்டாங்கச்சியை விட்டுத் தட்டுக்குப் போனவனைப் பார்த்துக் 'கலையை விற்றுவிட்டான்' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆனால் மாமா இன்னொன்றும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, பீடியை அணைத்துவிட்டு. "தட்டு ஒண்ணுதான்டா. வேசம்தான் ஒண்ணா இல்ல." இந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் எழுதத்தான் இத்தனை பக்கம்.

சாப்பிடுகிற இடத்தில் தீண்டாமை குறைந்தது. கதையில் அது அப்படியே இருந்தது. வரிசையில் சமமாக நிற்க வைத்த அதே இடம், திரையில் அவரைக் கேட்டுக்கு வெளியே வைத்தது. நகரம் நமக்குச் செய்வது பெரும்பாலும் இதுதான். பழைய அவமானத்தை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கொடுக்கிறது.

9

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான் கூத்துக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் வருஷத்து வருமானம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அது போயிற்று. தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்பும் நின்றது. ஆனால் சில வாரங்களில், இத்தனை ஆட்கள் என்று கணக்குப் போட்டு, அதற்கு அனுமதி வந்துவிட்டது. திருவிழாவுக்கு வரவில்லை. கிரீடம் செய்த கட்டைகளை விற்றவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். கல் உடைக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டு வாட்ச்மேன் வேஷம் கொடுத்திருந்தால் நூறு சந்திரமதிகள் வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஆக, போகாதே என்று நாம் சொல்ல முடியாது. என்ன வேஷம் என்று கேட்க முடியும்.

அப்படிக் கேட்டதற்குச் சில பதில்கள் வந்திருக்கின்றன. 1990களில் கே.ஏ.குணசேகரன் 'பலி ஆடுகள்' போன்ற நாடகங்களோடு தலித் அரங்கு என்று ஒன்றைப் பெயர் சொல்லி நிறுத்தினார். பறை சாவுக்கு மட்டும் என்பதை மாற்றி நம் கூட்டங்களில் முதல் ஒலியாக ஆக்கியது அந்தக் காலம். 2018இல் மாரி செல்வராஜ் 'பரியேறும் பெருமாள்' எடுத்தபோது, பரியனின் அப்பாவாக நடிக்க நெல்லை தங்கராசு என்ற நாட்டுப்புறக் கலைஞரைக் கூட்டி வந்தார். பெண் வேஷம் கட்டி ஆடிப் பிழைத்த மனிதர், பெண் வேஷம் கட்டி ஆடும் தகப்பனாகவே நடித்தார். அவர் ஓடும் அந்தக் காட்சியைப் பார்த்துத் தியேட்டரில் எல்லாச் சாதியும் அழுதது. தாழ்ந்து போன ராஜாவுக்காக அல்ல. வேட்டியை உருவப்பட்டு ஓடும் ஒரு கூத்தாடிக்காக. தங்கராசு 2023இல் இறந்துபோனார். அவர் தொண்டையிலும் காலிலும் இருந்த வித்தையில் நமக்குக் கிடைத்தது அந்தச் சில நிமிடம்தான்.

அது சினிமா. தினமும் ராத்திரி நம் வீடுகளுக்குள்ளேயே வந்து உட்காரும் தொடர்களில் அப்படி ஒரு சில நிமிடம் நமக்கு இன்னும் பாக்கி. தொடர்களைப் பார்ப்பவர்களில் பலர் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் நம் பெண்கள். அவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று அவர்களிடம் உட்கார்ந்து பேசுவது ஒரு வேலை. நம் தெருவில் இருக்கும் வேஷக்காரர்களின் பாட்டையும் வாழ்க்கையையும் அவர்கள் வாயால் சொல்ல வைத்துப் பதிவு செய்வது இன்னொரு வேலை. மாணவத் தோழர்கள் இதைச் செய்யலாம். கையில் இருக்கும் போன் போதும்.

10

2022இல் எங்கள் காலனியில் ஒரு சாவு. கருமாதிக்கு அரிச்சந்திரன் வைத்தார்கள். ஊர்க் காரியம் இல்லை, எங்கள் வீட்டுக் காரியம். மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, குரல் உடைந்துவிட்டது. இந்த முறை அவர் சந்திரமதி கட்டவில்லை. வீரபாகு கட்டினார்.

நான் பார்த்த ஆட்டங்களில் எல்லாம் வீரபாகு குடித்துவிட்டு உளறுகிற கோமாளி. ஜனங்கள் அழுது களைத்தபிறகு சிரிக்க வைக்கும் வேஷம். அன்றைக்கு மாமா தள்ளாடவில்லை. முண்டாசு கட்டி, கோலை ஊன்றி, நேராக வந்து நின்றார். அரிச்சந்திரனைப் பார்த்து, எத்தனை தலைமுறையாக இந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறோம், நீ ஒரு ராத்திரி நின்றதற்கு ஊர் அழுகிறதே என்று வசனத்தில் கேட்டார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவராகப் போட்டது. மத்தளக்காரருக்கு எங்கே அடிப்பது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில், எண்பது வயசைத் தாண்டிய என் ஆயா அழுதுகொண்டிருந்தாள். வெட்டியான் பெண்டாட்டியாக ஐம்பது வருஷம் வாழ்ந்தவள்.